பன்னிரண்டாம் நம்பர் கம்பு

கடலுக்குப் போய்ச் சூரை மீன் பிடிக்கப் போவதாக ஷாஜன் அறிவித்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். சர்ச்சுக்குப் போட்ட வெள்ளைச் சட்டையைக்கூட இன்னும் கழற்றவில்லை. தின்றுகொண்டிருந்ததும் சூரை மீன் குழம்புதான்.

"புதுக்கடைச் சந்தையில சும்மா கெடக்கே அத்தான். கையால பிடிச்சாலே வருமே," என்றாள் ஜெஸ்பின்.

"அது செத்த மீன்டி."

"கொழம்புக்கு உசிரோட வேணுமா?"

வாய்ப்பாடு தெரியாத பிள்ளையை வாத்தியார் பார்ப்பதுபோல ஷாஜன் அவளைப் பார்த்தான். "ஏட்டி, வலை போட்டுப் பிடிச்சா அது தொழில். இது கலை. ஃப்ளை ஃபிஷிங்ணு பேரு. கோழித் தூவலத் தூண்டில்ல கட்டி, ஈ மாதிரி ஆக்கி, கம்பச் சொழட்டி வீசணும்."

"சூரை ஈ திங்குமா?"

"பேருதான் ஈ. பாக்கதுக்குச் சாளை மீன் குஞ்சு மாதிரி இருக்கும்."

"அப்ப சாளையவே கட்டினா என்ன?"

சாளையைக் கட்டுவது அந்தக் கலையில் சேராது. எனவே அடுத்ததற்குத் தாவினான். "கரையில நிண்ணா கிட்டாது. குளச்சல்லேருந்து வள்ளத்துல உள்கடலுக்குப் போகணும். கரை மறையணும்."

கரை மறையணும்! ஜெஸ்பின் இடுப்பில் பிள்ளை இருந்தது. பல் முளைக்கத் தொடங்கி, கண்டதையெல்லாம் கடிக்கிற பெண்பிள்ளை. அவளை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். கரை மறைகிற தூரம் போனவர்கள் எத்தனை வீட்டுச் சுவரில் மாலைக்கு நடுவே சிரித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று இந்த ஜில்லாவில் பிறந்தவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். அவர்களெல்லாம் நீந்தத் தெரிந்தவர்கள்.

"உங்களுக்கு நீச்சல் தெரியாதே."

"நான் நீந்தவா போறேன்? மீன் நீந்தும். நான் பிடிப்பேன்."

ஷாஜனுக்கு நாகர்கோவிலில் ஒரு இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை. ஊரில் எவராவது தும்மினால் போதும், பக்கத்தில் உட்கார்ந்து, மனுஷன் வாழ்க்கை எப்ப வேணும்னாலும் முடியும் என்று சொல்லிப் பாலிசி எழுதி வாங்கிவிடுவான். ஊரையெல்லாம் சாவைக் காட்டிப் பயப்படுத்துகிறவன், தன் சாவை மட்டும் யாரோ கிளப்பிவிட்ட வதந்தி என்று நினைத்திருந்தான்.

"பயப்படாத. எனக்கு ஒண்ணு ஆனாலும் உனக்கும் பிள்ளைக்கும் ஒரு கொறையும் வராது. பாலிசியில நாமினி நீதான்."

ஆறுதலாகத்தான் சொன்னான். ஜெஸ்பின் கையிலிருந்த கரண்டி சாய்ந்தது. குழம்பு முழுக்க வெள்ளைச் சட்டையில். கை தவறிக் கொட்டியது என்று ஷாஜன் இன்றுவரை நம்புகிறான்.

அன்றிலிருந்து கோபம் அந்த வீட்டில் ஒரு ஆள் மாதிரி குடிவந்தது. காலையில் அவளோடு எழும்பியது, அவளோடு முற்றம் பெருக்கியது, அவளோடு சேர்ந்து பாத்திரங்களை 'ணங்'கென்று வைத்தது. ஷாஜன் கண்டுகொள்ளவில்லை. அவன் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தான்.

கம்பு பத்தாம் நம்பரா, பன்னிரண்டா? பத்து கைக்கு லேசு. பன்னிரண்டு எந்த மீனுக்கும் அசையாது. நூல் மிதக்கிறதா, முங்குகிறதா? ரீலில் பிரேக்கு பிடிக்குமா? சூரை மோட்டார் சைக்கிள் மாதிரி ஓடுமாமே! அவள் பிள்ளைக்குக் கஞ்சி கொடுக்கும்போதும் இதே பேச்சு, துணி காயப்போடும்போதும் இதே பேச்சு. பிள்ளைக்குக் காய்ச்சல் கண்ட அன்று, "மருந்து எத்தன மில்லி கொடுக்கணும்?" என்று பதறிக் கேட்டாள். "பன்னிரண்டு," என்றான் போனிலிருந்து கண்ணை எடுக்காமல். அவன் சொன்னது கம்பை. ஜெஸ்பின் பாட்டிலில் அச்சடித்திருந்ததைப் படித்து இரண்டரை கொடுத்தாள். படிக்காமல் அவன் சொன்னதைக் கேட்டிருந்தால்?

அடுத்த வாரம் பக்கத்து வீட்டுத் தேவகனி அக்கா, வேலிக்கு மேலே தன் சேவலைத் தூக்கிக் காட்டினாள். அதன் கழுத்தில் ஓர் இறகுகூட இல்லை.

"ஏ ஜெஸ்பினு, எங்க உனக்க மாப்பிள்ள?"

"என்னக்கா, கோழிக்குச் சீக்கா?"

"சீக்கு கோழிக்கு இல்லட்டி, உனக்க மாப்பிள்ளைக்கு. உசிரோட நிக்கும்போதே பிச்சிருக்கான். கேட்டா, சூரைக்கு இந்த நெறந்தான் பிடிக்கும் அக்காங்கான். சூரை இவனுக்கு லெட்டர் போட்டுதா?"

"அடுத்தது எனக்க தலைமுடிதான் அக்கா."

"சிரிக்காத. கெட்டியோனக் கடலுக்கு விட்டுட்டு நீ அந்தப் பக்கம் இருந்து அழுதா, வேலிக்கு இந்தப் பக்கம் கேட்டுக்கிட்டு இருக்கப்போறது நான்."

தேவகனி அக்காவுக்கு எதையும் பொதிந்து பேசத் தெரியாது. ஜெஸ்பினின் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

இத்தனையும் காதில் விழுந்ததில் அவளுக்கும் தூண்டில் வித்தை பாதி தெரிந்துபோயிற்று. முடிச்சுப் போட இரண்டு கை போதாதபோதெல்லாம் ஷாஜன் அவளைத்தான் கூப்பிடுவான். ஒருநாள் நூலின் நுனியைத் தொட்டுக் காட்டினான்.

"இதுதான் உசிர் நூலு. மத்ததெல்லாம் தடி. இது மட்டும் வேணும்ணே மெலிசு. மீன் நம்ம பெலத்துக்கு மேல இழுத்தா இது பட்டுண்ணு அறும். கம்பும் தப்பும், ஆளும் தப்பும்."

"இது இல்லேண்ணா?"

"இல்லேண்ணா ஆளும் மீனோட போகவேண்டியதுதான்," என்று சிரித்தான்.

அன்று சாயங்காலம் குளச்சல் வள்ளக்காரர் செல்வதாஸ் போனில் வந்தார். பேச்சு சத்தமாகவே கேட்டது. "நீச்சல் தெரியுமா சாரே?"

"தெரியுமாவா! காலேஜ்ல கப்பு வாங்கின ஆளு நான்."

கப்பு வாங்கியது உண்மைதான். கேரம் போர்டில்.

மறுநாள் அவன் ஆபீசுக்குப் போனதும் ஜெஸ்பின் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு குளச்சலுக்குப் பஸ் ஏறினாள். மீன் ஏலக் கூச்சலுக்கு நடுவே செல்வதாஸைக் கண்டுபிடித்தாள்.

"அண்ணே, அவருக்கு நீச்சல் தெரியாது. கூட்டிட்டுப் போகாதீங்க."

செல்வதாஸ் பிள்ளையின் கன்னத்தைத் தட்டிச் சிரித்தார். "எல்லா வீட்டுலயும் இதே பேச்சுதான் மேடம். நான் மீசை மொளைக்க முந்தியே கடலுக்குப் போனவன். எனக்க பெண்டாட்டிட்ட கேளுங்க, எனக்கும் நீச்சல் தெரியாதுண்ணுதான் சொல்லுவா."

"சத்தியமா தெரியாதுண்ணே."

"நீச்சல் தெரியாதவன நான் வள்ளத்துல ஏத்த மாட்டேன். அது எனக்கச் சட்டம். ஆனா ஒரு ஆம்பள கப்பு வாங்கினேன்ணு சொல்லும்போ, பெண்டாட்டி பேச்சக் கேட்டு அவன எறக்கி விடுகதா? கண்ணால கண்டாச் சரி."

திரும்பி வந்த பஸ்ஸில் ஜெஸ்பின் அழவில்லை. பெண் சொன்னால் பயம், ஆண் சொன்னால் உண்மை. நல்ல சட்டம்! கண்ணால்தானே காண வேண்டும்? காட்டுவோம்.

வீட்டில் இரண்டு கம்பும் வந்து கிடந்தன. தேர்ந்தெடுக்க முடியாமல் ஷாஜன் பத்தையும் பன்னிரண்டையும் வரவழைத்திருந்தான். ஒன்றைத் திருப்பி அனுப்ப வேண்டும்.

"அத்தான், பத்தா பன்னிரண்டா?"

இத்தனை நாளில் அவளாகக் கேட்ட முதல் கேள்வி. ஷாஜன் பூரித்துப்போனான். "அதுதான் தெரியல்லட்டி."

"கடைக்காரன் சொல்லுதத நம்பியா கடலுக்குப் போவிய? இழுத்துப் பாத்தாத்தானே தெரியும்."

"யாரு இழுப்பா?"

"எனக்க ஸ்கூட்டர் இருக்கே. நான்தான் சூரை. நீங்க குளத்துக்க இந்தக் கரையில படியில நில்லுங்க. நூலத் தண்ணிக்கு மேலகூடி அக்கரைக்குக் கொண்டுபோயி வண்டியில கட்டுதேன். தரையில ஓடுற சூரை உண்டுமா?"

"ஏட்டி, உனக்குள்ள இப்பிடி ஒரு அறிவு இருந்துதா!"

"செல்வதாஸ் அண்ணனையும் வரச் சொல்லுங்க. உங்க பெலத்த அவரும் காணட்டும்."

ஞாயிற்றுக்கிழமை வள்ளம் கடலில் இறங்காது. பூசை கண்ட கையோடு செல்வதாஸ் வந்து சேர்ந்தார். தேவகனி அக்கா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு குளக்கரையில் இடம்பிடித்தாள்.

சின்னக் குளம். அக்கரையில் கூப்பிட்டால் இக்கரையில் கேட்கும். ஜெஸ்பின் துணி துவைக்கிற குளம்தான். எந்த இடத்திலும் தண்ணீர் அவள் இடுப்புக்கு மேல் வராது. முந்தின நாள் இறங்கி, குறுக்கும் நெடுக்கும் நடந்து அதை உறுதிசெய்துகொண்டாள். கோபம் இருந்தது என்பதற்காகக் கவனம் இல்லாமல் போகுமா? ஷாஜன் அந்தக் குளத்தில் கால் நனைத்தவன் இல்லை. அவனுக்கு பாத்ரூமில் வெந்நீர் போட்டுக் கொடுக்க ஆள் இருந்தது.

அவன் வந்த கோலத்தைப் பார்க்க வேண்டும். தலையில் தொப்பி, கண்ணில் கறுப்புக் கண்ணாடி, கம்பின் அடியைச் செருக வயிற்றில் ஒரு பெல்ட். கம்பு கடலோடு போய்விடக் கூடாதென்று அதன் வாரைக் கைத்தண்டில் இறுகச் சுற்றியிருந்தான்.

முதலில் பத்தாம் நம்பர். ஸ்கூட்டர் நகர்ந்ததும் உசிர் நூல் பட்டென்று அறுந்தது.

"பாத்தியளா செல்வதாஸ்! நூலுதான் அறுந்துது. ஆளு அசைஞ்சானா?"

"இல்ல சாரே. மலை மாதிரில்லா நிக்கிய."

மலை குளிர்ந்துபோயிற்று. பன்னிரண்டாம் நம்பரை எடுத்து, அதன் வாரைக் கையில் சுற்றி, பிரேக்கை முடிந்தமட்டும் இறுக்கி, போனைச் செல்வதாஸ் கையில் கொடுத்து, வீடியோ பிடிக்கச் சொல்லி நெஞ்சை நிமிர்த்தியது. நூலின் நுனியைப் பார்க்க அதற்கு நேரமில்லை.

நுனி அக்கரையில் ஜெஸ்பின் கையில் இருந்தது. உசிர் நூலைப் பல்லால் கடித்துத் துப்பினாள். தடி நூலையே வண்டியின் பின்கம்பியில் கட்டினாள். அவன் படிப்பித்த முடிச்சுதான். எச்சில் தொட்டு இறுக்கினாள்.

வண்டியைக் கிளப்பி, பைய முறுக்கினாள். இருந்த கோபத்தையெல்லாம் முறுக்கினால் ஆள் தண்ணீர் தொடாமல் அக்கரைக்கே பறந்து வந்துவிடுவான்.

கம்பு வில்லாக வளைந்தது. ஷாஜன் ஒரு படி இறங்கினான். "நல்ல இழுப்பு!" இன்னொரு படி. "போரும்டி!" அதற்கடுத்த படியில் பாசி. பன்னிரண்டாம் நம்பர் கம்போடு, கறுப்புக் கண்ணாடியோடு, நிமிர்த்திய நெஞ்சோடு, குளத்துக்குள் போனான்.

"அம்மே! அம்மே! முங்குகேனே! அம்மே!"

தண்ணீரைக் கையாலும் காலாலும் அடித்தான். தொப்பி தனியாக ஒரு பக்கம் போயிற்று. பிள்ளை தேவகனி அக்காவின் இடுப்பில் கைகொட்டிச் சிரித்தாள். செல்வதாஸ் கைலியை மடித்துக் கட்டினார், போனை உயரத் தூக்கிப் பிடித்தார், நடந்தே போய் அவன் பக்கத்தில் நின்றார்.

"சாரே."

"முங்குகேன்!"

"சாரே, எழும்பி நில்லும்."

ஷாஜன் நின்றான். தண்ணீர் இடுப்புவரை இருந்தது. அதற்கு மேல் ஒரு விரற்கடை கிடையாது.

"கப்பு எதுக்குக் குடுத்தானுவ சாரே?"

ஷாஜன் வாயிலிருந்த தண்ணீரைத் துப்பினான்.

"எனக்க வள்ளத்துல எடமில்ல. குளச்சல்ல வேற ஒருத்தனும் உம்ம ஏத்தாம நான் பாத்துக்கிடுகேன்," என்ற செல்வதாஸ், கரையைச் சுற்றி ஓடிவந்த ஜெஸ்பினைப் பார்த்தார். "நீங்க சொன்னப்பவே கேட்டிருக்கணும் மேடம். தப்பு எனக்குள்ளது."

ஜெஸ்பினுக்குச் சிரிக்கத்தான் ஆசை இருந்தது. ஆனால் அவன் தலை ஒருதடவை தண்ணீருக்குள் போய் வந்ததை வண்டிக் கண்ணாடியில் கண்டிருந்தாள். இடுப்பளவுத் தண்ணீர்தான், தெரியும். இருந்தும் வண்டியை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்திருந்தாள். ஓடிவர ஓடிவரக் கோபம் ஏறியிருந்தது.

"வேணும்ணே செஞ்ச, இல்லியா?" என்றான் ஷாஜன்.

"சூரை வேணும்ணேதான் இழுக்கும். அதுக்கிட்டயும் போயி இதத்தான் கேப்பியளா?"

"உசிர் நூலு எங்கட்டி?"

"எனக்கும் பிள்ளைக்கும் உசிர் நூலு எங்க? கரை மறையணும், கரை மறையணும்ணு சொன்னியளே, கரையில யாரு நிக்காண்ணு ஒருநாளாவது யோசிச்சியளா?"

ஷாஜன் தலை குனிந்தான். அத்தோடு விட்டிருப்பாள். ஆனால் இன்னொன்று பாக்கியிருந்தது.

"அதுவும் போகட்டும். முங்கும்போ யார விளிச்சிய? அம்மே அம்மேண்ணு! கெட்டினவ ஒருத்தி, பெத்த பிள்ள ஒருத்தி, கண்ணு முன்ன நிக்கோம். எங்க பேரு வாயில வந்துதா?"

எப்படியாவது அவளைக் குளிர்விக்க வேண்டுமே என்று ஷாஜனுக்குத் தவிப்பு. ஈரக் கையால் முகத்தை வழித்துவிட்டு, குழைந்து சொன்னான்:

"கோபப்படாதட்டி. அடுத்த தடவ உனக்க பேரத்தான் விளிப்பேன்."

"அடுத்த தடவையா?"

ஜெஸ்பின் திரும்பினாள். அக்கரையில் நின்ற ஸ்கூட்டரைப் பார்த்து நடந்தாள்.

"சாரே," என்றார் செல்வதாஸ் மெதுவாக, "வண்டியில கட்டின நூல இன்னும் அவுக்கல்ல போல இருக்கே."