கேள்வி கேட்காத வைத்தியர்

மொன்றியலில் ரொக்ஸ்பரோ ரயில் நிலையத்துக்குப் பக்கத்து மண்டபத்தில் ஞாயிறு காலை எட்டு மணிக்கே சனம் முட்டி வழிந்தது. ரொறன்ரோவிலிருந்து ஒரு வான். ஒட்டாவாவிலிருந்து இரண்டு கார். பனி ஒட்டிய சப்பாத்துகளை வாசலில் கழற்றிவிட்டு, இடுப்பையும் முழங்காலையும் பிடித்தபடி எல்லோரும் இலக்கத் துண்டோடு காத்திருந்தார்கள். நாடிநாதர் வந்திருக்கிறார்.

அவர் திரைக்குப் பின்னால். நோயாளி முன்னால். நோயாளியின் மணிக்கட்டில் கட்டிய மஞ்சள் நூல் திரைக்குள் போகும். முகம் பார்க்கக்கூடாது, வாய் திறக்கக்கூடாது. திறந்தால் நாடி கலங்கிவிடுமாம். நூலைத் தொட்டதும் வருத்தம் இன்னதென்று மைக்கில் சொல்வார். பிறகு ஒரு கடிதம் வரும்: இவருக்கு மருத்துவக் கஞ்சா எண்ணெய் தேவை என்று, டொக்டர் ஒருவரின் கையெழுத்தோடு. அந்த டொக்டரை யாரும் கண்டதில்லை. கடவுளையும்தான் கண்டதில்லை, அதற்காகக் கும்பிடாமல் விட்டார்களா?

பிள்ளையின் ஜக்கெற்றில் கஞ்சா மணம் வந்தால் பொலிசுக்கே போன் அடிக்கக்கூடிய சனம் இது. நாடிநாதர் தந்தால் மட்டும் அது மூலிகை.

பதினேழு வயது தக்ஷினி வாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருந்தாள். அவளுடைய தொண்டு, பிரெஞ்சுப் படிவம் நிரப்புவது. மொன்றியலில் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இது பிறவிக் கடமை. வாடகைப் பத்திரம், வரிக் கடிதம், பள்ளிக்கூடத்திலிருந்து தங்களைப் பற்றியே வந்த முறைப்பாடு, எல்லாவற்றையும் அவர்கள்தான் வாசித்துச் சொல்லவேண்டும். இந்தப் படிவம் அரசாங்கத்துக்காம். பெயருக்குப் பதில் இலக்கம். எங்கே நோகிறது, எத்தனை வருசம், என்ன மருந்துக் குளிசை. நிரப்பியதை ஒரு தொண்டர் பின்கதவால் கொண்டுபோவார். நாடிநாதர் சுவாமிக்குப் பிரெஞ்சில் ஓர் எழுத்தும் தெரியாது என்பதால் யாரும் சந்தேகப்படவில்லை.

தக்ஷினி படிவத்திலிருந்து அடிக்கடி தலையைத் தூக்கினாள். காரணம், வரிசையில் இருந்த அம்மா செல்வமலர்.

அம்மாவுக்கு டோர்வல் விமான நிலையத்தில் விமானச் சாப்பாடு கட்டும் வேலை. இடுப்பு வலி. போன மாதம் இதே எண்ணெய்க்காக உண்மையான டொக்டரிடம் போனார்கள். அந்த மனுசி முக்கால் மணித்தியாலம் கேள்வி கேட்டார். நெஞ்சு படபடக்குமா, வீட்டில் யாருக்கும் மனநோய் இருந்ததா, என்னென்ன குளிசை. பிரஷரை இரண்டு தரம் அளந்தார். இது குறையாமல் கையெழுத்து வைக்கமாட்டேன், ஒரு மாதத்தால் வாருங்கள் என்றார்.

வெளியே வந்ததும் அம்மா முகத்தைச் சுளித்தார். "எல்லாத்தையும் எங்களிட்டையே கேக்கிறா. அப்ப அவ என்னத்தைப் படிச்சவ?"

நாடிநாதர் ஒன்றும் கேட்கவில்லை. ஆகவே பெரியவர். எண்ணெய் பிடிக்கவேண்டுமென்றால் நாற்பது நாள் பிரஷர் குளிசையைத் தொடக்கூடாது என்று, புதன்கிழமை இலக்கத் துண்டோடேயே சொல்லி அனுப்பியிருந்தார். இன்று ஐந்தாம் நாள். காலையில் அம்மா சுவரைப் பிடித்துப் பிடித்துக் குளியலறைக்குப் போனதைத் தக்ஷினி பார்த்தாள்.

"அம்மா, ஒரு குளிசை போடுங்கோவன்."

"நாடி பொய் சொல்லாது. நீ வாயை மூடிக்கொண்டு இரு. சாபம் விழும்."

சாபம் என்றால் தக்ஷினிக்கும் பயம்தான். நாடியிடம் பொய் சொன்னால் நாக்கு உள்ளே இழுக்கும் என்று மண்டபச் சுவரிலேயே எழுதி ஒட்டியிருந்தது.

அம்மாவுக்கு முன் வரிசையில் இருந்த றெஜினா அன்ரியின் முறை வந்தது. மைக் சொன்னது: "இடது தோள். ரெண்டு வருசமா இறுகிப்போச்சு." அன்ரி கண்ணீரோடு எழுந்து வந்தார். தக்ஷினி நிமிர்ந்தாள். படிவத்துக்கு அன்ரி சொன்னது வலது தோள். அவசரத்தில் இடது என்று எழுதியது அவள்தான்.

"அன்ரி, உங்களுக்கு வலதெல்லோ?"

"ஓம் பிள்ளை. ஆனா சுவாமி சொன்னாப் பிறகுதான் தெரியுது, இடதும் நோகுது."

அடுத்து மேசைக்கு வந்தவர் கதிர்காமத்தம்பி. விழாக்குழுத் தலைவர், அறுபத்தெட்டு வயது, முறுக்கு மீசை. "எழுதும் பிள்ளை. முழங்கால். பதினைஞ்சு வருசம்."

தக்ஷினி வேண்டுமென்றே வேறு எழுதினாள். பெண். கர்ப்பம், நாலாம் மாதம். காலையில் சத்தி, வாந்தி. எழுதி முடித்ததும் நாக்கை வாய்க்குள் ஒருதரம் சுழற்றிப் பார்த்தாள். இருந்தது.

கதிர்காமத்தம்பி கைகூப்பி உட்கார்ந்தார். நூல் அசைந்தது. மைக் கனைத்தது.

"மகளே."

முன்வரிசை கழுத்தை நீட்டியது.

"வயித்தில பிள்ளை. நாலாம் மாசம். விடியக் காலமை சத்தி. பயப்பிடாதை, எண்ணெய் நாளுக்கு மூண்டு தரம் எடு."

கதிர்காமத்தம்பி ஒருகணம் குனிந்து தன் வயிற்றைப் பார்த்தார். அவ்வளவு நம்பிக்கை.

"அண்ணை, ஆம்பிளைப் பிள்ளையோ?" என்று பின்வரிசையில் ஒருவர் கேட்டார்.

அதற்குப் பிறகுதான் அவருக்குக் கோபம் வந்தது. நூலைப் பிடித்து ஒரே இழுவை. திரையும் கம்பியும் சேர்ந்து விழுந்தன. உள்ளே நாடிநாதர் மூக்குக்கண்ணாடியோடு, படிவத்தில் பிரெஞ்சு வரிக்குக் கீழே விரல் வைத்தபடி. நூலின் மறுமுனை ஹீட்டர் குழாயில் கட்டியிருந்தது. பக்கத்தில் கட்டுக் கட்டாகக் கடிதங்கள். கையெழுத்து இருந்தது, நோயாளியின் பெயர் இல்லை.

"பிரெஞ்சு தெரியாதெண்டீர்?" என்றார் கதிர்காமத்தம்பி.

"வாசிச்சது நானில்லை. நாடி."

"எழுதினது நான்," என்றாள் தக்ஷினி. குரல் கீச்சிட்டது. "வருத்தத்தைச் சொன்னது நீங்கள். எழுதினது நான். அதைத்தான் இவர் உங்களுக்குத் திருப்பிச் சொன்னவர். உங்களைப் பாக்க முதலே டொக்டர் கையெழுத்து வச்சிட்டார், பாருங்கோ."

செல்வமலர் கதிரையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "பிள்ளைத்தாச்சிக்கும் அதே எண்ணெயோ? அறுவானே, என்ர குளிசையையும் நிப்பாட்டினனீ."

தக்ஷினி பையிலிருந்து ஒரு குளிசையையும் தண்ணீர்ப் போத்தலையும் நீட்டினாள். அம்மா மறுபேச்சில்லாமல் விழுங்கினார். "வாங்கோ, கிளினிக்குக்குப் போவம்" என்று தக்ஷினி அம்மாவின் கையைப் பிடித்தாள்.

வாசலில் ஒருவர் இலக்கத் துண்டோடு மறித்தார். "தங்கச்சி, அப்ப ஐம்பத்தேழாம் இலக்கத்தை எத்தினை மணிக்குக் கூப்பிடுவினம்?"

செல்வமலர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "தம்பி, இந்தக் குளிருக்குத் தொப்பி போட மட்டுமோ உமக்குத் தலை? இடைக்கிடை யோசிச்சும் பாரும்."