காகிதம் தெரிந்த மொழிபெயர்ப்பாளர்

“வலி எப்ப ஆரம்பிச்சுது?” என்று கேட்டது தொலைபேசி.

“வலியா? எங்க காகித மெஷின்ல உருளை விரிசல் விட்டிருக்கு!” என்று கத்தினார் ஆலை மேலாளர் குன்வோர்.

“மன்னிக்கணும். நான் பிரசவ வார்டு மொழிபெயர்ப்பாளர். எதுக்கும் மூச்சை நல்லா இழுத்து விடுங்க.”

குன்வோர் போனை வைத்த வேகத்தில் மேசையிலிருந்த காபி துள்ளிச் சிந்தியது. அந்தச் சுவீடன் ஊருக்கு இருப்பது ஒரே ஆலை, ஆலைக்கு இருப்பது ஒரே மெஷின். சீனாவில் செய்தது. அதைச் சரிசெய்யத் தெரிந்த பொறியாளர் ஷென் இருப்பதும் சீனாவில்; போனில்தான் பேச வேண்டும், ஆனால் அவருக்குச் சீனம் தவிர வேறு பாஷை வராது. மெஷின் ஓடாவிட்டால் கிறிஸ்துமஸ் அட்டைப்பெட்டி ஆர்டரைப் பின்லாந்துக்காரன் கொத்திக்கொண்டு போய்விடுவான். அப்புறம் ஊரே வீட்டில் உட்கார வேண்டியதுதான்.

முந்தின நாள் போனில் வந்தவர் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர். அவர் கேட்ட தோரணையில் பயந்துபோன ஷென், வக்கீல் இல்லாமல் வாய் திறக்க மாட்டேன் என்று இணைப்பைத் துண்டித்துவிட்டார். இன்றோ, ‘தாயும் சேயும் நலமா?’ என்று ஷென்னிடமிருந்து செய்தி வந்தது.

இந்த மொழிபெயர்ப்பாளர்களை அனுப்பிய நிறுவனத்தைக் குன்வோர் போனில் பிடித்தார். “‘சிறப்புத் துறை மொழிபெயர்ப்பு’ன்னு கொட்டை எழுத்துல விளம்பரம் போட்டிருக்கீங்களே, வெட்கமா இல்ல?”

“பிரசவமும் சிறப்புத் துறைதானே, குன்வோர்?”

“கம்ப்யூட்டரையே மொழிபெயர்க்கச் சொன்னா என்ன?” என்று ஆலைத் தொழிற்சங்கத் தலைவர் சிக்ஸ்டனிடம் கேட்டுப் பார்த்தார்.

“அதை நம்பி எங்க ஆளுங்க ஒரு போல்ட்டைக்கூடத் தொடமாட்டாங்க.”

கொதித்துப்போன குன்வோர் சீனக் கம்பெனிக்கே மெயில் அடித்தார். ‘காகிதம் தெரிந்த மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் இங்கே ஒன்றும் நடக்காது. அதற்கு முதலில் வழி பண்ணுங்கள்!’ ஆத்திரம் தீராமல், அதையே இன்னும் காரமாக இரண்டு தடவை எழுதினார்.

‘புரிந்தது. வியாழக்கிழமை ஆள் நேரில் வருகிறார்’ என்று பதில் வந்தது.

ஷென்னே வருகிறார்! வருகிறவரிடம் பேசுவது யார்? குன்வோர் நிறுவனத்துக்காரர்களை உலுக்கி எடுத்தார். கடைசியில் வடகோடி லூலியோவிலிருந்து, காகித ஆலைகளுக்கே மொழிபெயர்க்கும் லியூ என்ற பெண்மணி பனியில் ரயிலேறி வந்து சேர்ந்தார்.

வியாழக்கிழமை சீன விருந்தாளி வந்தார். காபி குடிக்காமல் வேலைப் பேச்சை எடுப்பது எந்த ஊர் வழக்கம்? காபியும் இலவங்கப்பட்டை பன்னும் வந்தன. விருந்தாளி சாப்பிட்டார், சிரித்தார், ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை.

“நம்மளவிடப் பேசாத ஆளா இருக்காரே!” என்று சிக்ஸ்டன் மெச்சினார்.

குன்வோர் ஆரம்பித்தார். “உருளையை மாத்தணுமா, வெல்டு வச்சாப் போதுமா?”

லியூ அதைச் சீனத்தில் சொன்னார். விருந்தாளி கோப்பையை வைத்துவிட்டு, சுத்தமான சுவீடிஷில் சொன்னார்: “உருளையை மாத்தணுமா, வெல்டு வச்சாப் போதுமா?”

“அதைத்தானே நான் கேக்குறேன்!”

லியூ மொழிபெயர்த்தார்.

“அதைத்தானே நான் கேக்குறேன்!” என்றார் விருந்தாளி, அதே கோபத்துடன்.

குன்வோர் எழுந்தே விட்டார். “ஷென், என்ன கிண்டலா? எங்க பாஷை தெரிஞ்சுக்கிட்டே என்னை இந்தப் பாடு படுத்தினீங்களா?”

“நான் ஷென் இல்லீங்க. என் பேர் குவோ. காகிதத் துறை மொழிபெயர்ப்பாளர். சொந்தமா ஒரு வார்த்தை பேசக்கூடாதுங்கிறது எங்க தொழில் விதி. அதான் யாராவது பேசட்டும்னு இருந்தேன்.”

லியூ அனுதாபத்துடன் தலையாட்டினார்.

“அப்ப பொறியாளர் எங்கே?” என்று கேட்டார் குன்வோர்.

“பொறியாளரா? உங்க மெயில் ஒண்ணுலகூட அவரைக் கேக்கவே இல்லையே!”