ஜாம் சட்டியும் செயற்கைக்கோளும்

"அஞ்சு வருஷமா பாத்திர ஆலையில வேலை பாக்கற. வீட்ல ஜாம் காய்ச்ச ஒரு சட்டி உண்டா?"

கிளாஃபிரா தன் கணவன் ரோடியோனிடம் இதைக் கேட்டது பொதுச் சமையலறையில். அங்கே ஐந்து குடும்பத்துக்கு ஐந்து அடுப்பு. ஒருவர் தும்மினால் எல்லாருக்கும் தெரியும். வாளியில் ராஸ்பெரிப் பழங்கள் வேறு நீர்விட ஆரம்பித்திருந்தன.

ரோடியோனுக்கு முழி பிதுங்கியது. பாவம், அவன் வாழ்நாளில் ஒரு சட்டிகூடச் செய்தவனில்லை. அவன் மெருகேற்றிக்கொண்டிருந்தது பூமியைச் சுற்றப்போகும் முதல் செயற்கைக்கோளை. ஆன்டெனா என்று நாலு மீசை வைத்த அலுமினிய உருண்டை. வெளியே மூச்சு விட்டால் வேலையும் போகும், ஆளும் போவான் என்று மேலதிகாரிகள் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். வீட்டில் பாத்திர ஆலை என்று சொல்லச் சொன்னதும் அவர்கள்தான்.

"ஆலையிலேருந்து எதையும் எடுத்துட்டு வரக்கூடாது, கிளாஃபிரா."

"ஏன், இறைச்சி ஆலை ஸ்தெபான் தினம் சட்டைக்குள்ள சாசேஜைச் சுத்திக்கிட்டு வரல? ஊர்ல நீ ஒருத்தன்தான் யோக்கியனா? இல்ல, ஆலைன்னு சொல்லிட்டு எவ வீட்டுக்காவது போறியா?"

ஐந்து அடுப்பிலும் கிண்டுகிற சத்தம் நின்றுவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை அவன் ரயிலேறி மாஸ்கோ போனான். நாலு மணி நேரம் வரிசையில் நின்று ஒரு சட்டி வாங்கினான். திரும்பும் வழியில் கவிழ்த்துப் பார்த்தால், அடியில் வேறு ஏதோ ஊர் ஆலையின் முத்திரை. கிளாஃபிரா கண்ணில் பட்டால் விடுவாளா?

மறுநாள் சட்டியைப் பைக்குள் மறைத்து வேலைக்கு எடுத்துப்போய், மெருகுச் சக்கரத்தில் வைத்து முத்திரையைத் தேய்த்தான். அதோடு நிறுத்தியிருக்கலாம். பழகின கை நிற்குமா? உருண்டைக்குச் செய்வதுபோல உள்ளும் புறமும் இழைத்துத் தள்ளிவிட்டான்.

"அடி ஆத்தி, இதுல முகம் பாத்துத் தலை வாரிக்கலாம் போலிருக்கே," என்றாள் ஸ்தெபான் மனைவி. "எங்களுக்கும் ஒண்ணு கொண்டாங்க அண்ணே. நாங்க என்ன, சாசேஜ் குடுக்கலையா?"

நாலு குடும்பமும் கேட்டது. இல்லையென்றால் சந்தேகம் வரும். அடுத்த ஞாயிறு நாலு சட்டி. வரிசையில் நின்று கால் வீங்கிப்போனது. அவற்றைக் கொடுத்து முடித்த அன்றே குடியிருப்புப் பொறுப்பாளர் வந்துவிட்டார்.

"தம்பி, மாடியில பதினோரு பேர் கேக்கறாங்க. உன்னால முடியாதுன்னா சொல்லு, உங்க ஆலை மேலாளருக்கே எல்லாருமா ஒரு மனு எழுதிப் போட்டுடறோம்."

இல்லாத ஆலைக்கு மனுவா? அவ்வளவுதான், குட்டு உடைந்துவிடும். "வேண்டாங்க, நானே கொண்டாரேன்," என்றான் ரோடியோன்.

திங்கட்கிழமை காலை, பதினோரு சட்டி அடைத்த சாக்கோடு ரகசிய ஆலையின் வாசலில் நுழையும்போது கயிறு அறுந்தது. சட்டிகள் கடகடவென்று உருண்டுபோய்க் காவல் அதிகாரி பகோமவின் பூட்ஸில் முட்டி நின்றன.

பகோமவ் அவனைத் தன் அறைக்குள் இழுத்துப்போய்க் கதவைச் சாத்தினார்.

"இருபது வருஷமா இந்த உத்தியோகம் பாக்கறேன். ஆலையிலேருந்து திருடிட்டுப் போறவனைப் பாத்திருக்கேன். ஆலைக்குள்ள கடத்திட்டு வர்றவனை இப்பதான்யா பாக்கறேன்."

ரோடியோன் அழுதே விட்டான். "எல்லாம் ரகசியத்தைக் காப்பாத்தத்தான் தோழரே. சட்டி, சட்டின்னு பொண்டாட்டி உயிரை எடுக்கறா. ஆனா அவகிட்ட நான் ஒரு வார்த்தை சொல்லல, சத்தியமா. உருண்டை பறக்கறதைப் பாக்கறதுக்குள்ள என்னை எங்கேயும் அனுப்பிடாதீங்க."

பகோமவ் ஒரு சட்டியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு பெருமூச்சு விட்டார்.

"முழிச்சிருக்கும்போது சொல்லல. தூக்கத்துல உருண்டை, நாலு மீசை, பீப் பீப்னு பக்கத்து வீட்டுக்கே கேக்கற மாதிரி கத்தறியாம். வசந்த காலத்துலயே உன் பொண்டாட்டி அழுதுக்கிட்டு என்கிட்ட வந்துட்டா. நீ பாத்திர ஆலைதான்னு எல்லாரும் நம்பணும், தினம் அஞ்சு குடும்பத்துக்கும் கேக்கற மாதிரி சட்டி கேட்டுச் சண்டை போடும்மான்னு சொல்லி அனுப்பினதே நான்தான்யா."