பாடுகிறவரைக் காணவில்லை

பழுது பார்ப்பதில் எனக்கு ஒரு கைராசி உண்டு. நான் தொட்ட பொருள் சரியாகிவிடும். அதே வீட்டில் வேறொன்று கெட்டுப்போகும். மிக்ஸியைச் சரி செய்த அன்று வீடு முழுக்கக் கரண்டு போனது. பழைய ஸ்பீக்கரைச் சரி செய்த அன்று அப்பாவுக்குக் காது போனது.

தொண்ணூறுகளின் கடைசி. பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் முடித்துவிட்டு, கோவில்பட்டியில் வேலைக்காகக் காத்திருந்தேன். (சும்மா கிடந்தான் என்பாள் அம்மா.) அப்போதுதான் கழுகுமலைப் பக்கம் மூடிப்போன டூரிங் டாக்கீஸ் ஒன்றின் இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகள் என் கைக்கு வந்து சேர்ந்தன. இடுப்பு உயரம், அசல் தேக்கு. உள்ளே எலிகள் குடும்பம் நடத்திவிட்டுப் போயிருந்தன.

பெட்டிக்குள் அப்பியிருந்த கரிசல் புழுதியை வழித்துக் கொட்டினேன். கிழிந்திருந்த காகிதக் கூம்புகளை, பக்கத்துத் தெரு தீப்பெட்டி ஆபீஸில் கெஞ்சி வாங்கிய நீலத்தாளையும் பசையையும் வைத்து ஒட்டினேன். மரத்துக்கு வார்னிஷ், இரும்புச் சட்டத்துக்கு வெள்ளிப் பெயிண்ட். ஒவ்வொரு பெட்டியின் முதுகிலும், ஒயர் மாட்டுகிற இரண்டு முனைகளில் ஒன்றின் பக்கத்தில் மட்டும் ஒரு சிவப்புப் புள்ளி இருந்தது. அழகைக் கெடுக்கிறதே என்று அதன் மேலும் ஒரு கை பெயிண்ட் அடித்துவிட்டேன். (படித்தவன் செய்கிற காரியமா என்று கேட்காதீர்கள். அதைப் பிறகு எல்லோரும் கேட்டுவிட்டார்கள்.)

முன்னறையின் இரண்டு மூலையிலும் ஒவ்வொரு பெட்டி. எதிரே, சரிநடுவில் அப்பாவின் பிரம்பு நாற்காலி. அப்பா மணியாச்சி ஜங்ஷனில் தண்டவாளம் மாற்றிவிடுகிற பாயிண்ட்ஸ்மேன். டூட்டி முடிந்து வந்ததும் அதில் சாய்வார். அவர் இல்லாதபோதும் வேறு யாரும் அதில் உட்காருவதில்லை. அப்படி ஒரு வழக்கம்.

கேசட்டைப் போட்டுவிட்டு வலதுபக்கப் பெட்டியின் அருகில் நின்றேன். பாட்டு கணீரென்று கிளம்பியது. எனக்கே உடம்பு சிலிர்த்தது. பெருமையோடு அப்பாவைப் பார்த்தேன்.

“வாத்தியமெல்லாம் வருது,” என்றார் அப்பா. “பாடுதவரைத்தான் காணோம்லே.”

“நல்லாத்தானே பாடுதாருப்பா!”

“எங்கன?”

சமையலறையிலிருந்து அம்மா குரல் கொடுத்தாள். “இங்க நல்லா கேக்குதுங்க!”

“அப்போ அவரு அங்கன இருந்துதான் பாடுதாரு போல. எனக்குப் பிடரிக்குப் பின்னால இருந்துல்லா வருது.”

ரேடியோவை இணைத்துச் செய்தி வைத்தேன். நிலைமை இன்னும் மோசம். செய்தி வாசிக்கிறவர் கிணற்றுக்குள் இறங்கி வாசிக்கிறாராம். என் ஸ்பீக்கர் தப்பு செய்யாது என்பதில் எனக்குக் கடுகளவும் சந்தேகமில்லை. ஆகவே பழியை அப்பாவின் காதில் போட்டேன்.

அப்பாவின் முகம் விழுந்துவிட்டது. அடுத்த மாதம் அவருக்கு ரயில்வே மெடிக்கல். காது சரியில்லை என்றால் பாயிண்ட்ஸ்மேன் வேலையிலிருந்து எடுத்துவிடுவார்கள். இருபது வருஷத்துக்கு மேல் அவர் பெருமையாகச் செய்த வேலை அது.

“எஞ்சின் சத்தம் கேக்குது. கொக்கு கத்துனாக்கூட கேக்குது. பாட்டு மட்டும் கேக்கல. இது என்ன மாதிரிச் சீக்குலே?”

“சின்னச் சத்தந்தாம்ப்பா மொதல்ல போவும்,” என்றேன், ஏதோ காது வைத்தியத்தில் பட்டம் வாங்கியவன் போல.

அதன் பிறகு அவர் தன் காதை நம்புவதை விட்டுவிட்டு எங்கள் வாயைப் பார்க்க ஆரம்பித்தார். யாராவது பேசினால் உதட்டையே உற்றுப் பார்ப்பார். வந்த விருந்தாளி ஒருவர், பல்லில் கீரை ஒட்டியிருக்கிறதோ என்று பயந்து பேச்சையே நிறுத்திவிட்டார்.

திருநெல்வேலியில் ஒரு காது டாக்டரிடம் கூட்டிப்போனேன். சோதித்துவிட்டு அவர், “உங்களுக்குப் பாம்புக் காதுய்யா. யாரு கேக்கலைன்னு சொன்னது?” என்றார். அப்பா என்னைக் காட்டினார். டாக்டர் என்னையும் சோதிக்கலாமா என்பது போலப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார் அப்பா. கேசட்டைப் போட்டேன். பாடுகிறவரைக் காணவில்லை.

“டாக்டர் ஆறுதலுக்குச் சொல்லியிருக்காரு,” என்றார் மெதுவாக. “வண்டி வாரது கேக்காதவன் லைன்ல நிக்கப்படாது. நாளைக்கு நானே ஸ்டேஷன்ல சொல்லிருதேன்.” டாக்டர் பொய் சொல்கிறாரா, அப்பாவின் காது பொய் சொல்கிறதா, எனக்கு எதுவும் விளங்கவில்லை.

மறுநாள் காலை. அம்மா தரையைத் துடைப்பதற்காக நாற்காலியை இழுத்து இடதுபக்கச் சுவரோரம் போட்டிருந்தாள். ஸ்பீக்கரில் ரேடியோ செய்தி ஓடிக்கொண்டிருந்தது. யூனிஃபார்மோடு வந்த அப்பா, ஷூ போட அதில் உட்கார்ந்தார். ஒரு காலில் ஷூவோடு துள்ளி எழுந்தார்.

“ஏட்டி! செய்தி கேக்குது!”

நாற்காலியை நடுவில் போட்டு உட்கார்ந்தார். போய்விட்டது. சுவரோரம் போட்டார். வந்துவிட்டது. “நீ உக்காந்து பாருலே,” என்றார். வாழ்க்கையில் முதல் தடவையாக அப்பாவின் நாற்காலியில், அதுவும் சரிநடுவில் உட்கார்ந்தேன். செய்தி வாசிக்கிறவர் கிணற்றுக்குள் இறங்கினார். எனக்குக் கண் இருட்டியது.

“அப்பா! எனக்கும் காது போச்சு! இது பரம்பரைச் சீக்கு!”

அம்மா துடைத்த துணியைப் பிழிந்துகொண்டே சொன்னாள்: “காது ஒருத்தருக்கும் போவல. அந்த நாற்காலிக்குத்தான் காது இல்ல.”

அப்போதுதான் மண்டையில் உறைத்தது. பிளேடை எடுத்துப் பெயிண்டைச் சுரண்டினேன். சிவப்புப் புள்ளிதான் பிளஸ் முனைக்கு அடையாளம். ஒரு பெட்டியில் அந்த முனையில் சரியான ஒயர். மற்றதில் மாற்றி மாட்டியிருக்கிறேன். ஒன்று காற்றைத் தள்ள, மற்றது இழுக்க, நடுவில் உட்கார்ந்தவருக்குப் பாட்டை இரண்டும் சேர்ந்து தின்றுவிட்டன. ஒயரை மாற்றினேன். பாடுகிறவர் அப்பாவுக்கு நேர் எதிரே வந்து நின்று பாடினார்.

அப்பா என்னைத் திட்டவே இல்லை. மெடிக்கலில் பாஸானார், ஓய்வு பெறும்வரை லைனில்தான் நின்றார். ஆயுத பூஜைக்கு எங்கள் வீட்டில் எல்லாப் பொருளுக்கும் முகத்தில் குங்குமம் வைக்கும் அம்மா, ஸ்பீக்கருக்கு மட்டும் முதுகில், அந்தப் புள்ளி மேல் வைக்கிறாள்.

இப்போது அப்பாவுக்கு நிஜமாகவே காது மந்தம். மூன்று தடவை கூப்பிட்டால்தான் திரும்புகிறார். டாக்டரிடம் போகலாம்ப்பா என்று காதருகே போய்க் கத்தினால், எழுந்து நாற்காலியைச் சுவரோரமாக நகர்த்திப் போட்டு உட்கார்ந்துகொண்டு சொல்கிறார்:

“மொதல்ல ஒயரைப் பாருலே.”