அறுபத்துநாலு தடவை கிளம்பினவன்

பிளம் ஹாலோ, டென்னசி
ஜூன் 9, திங்கட்கிழமை

மதிப்புக்குரிய மைத்துனர் ஹார்லன் அவர்களுக்கு, உம் தங்கை நடீனைக் கட்டிய பாவத்துக்குக் கிளோவிஸ் எழுதிக்கொள்வது. இங்கு நான் சுகமாக இல்லை. அங்கு நீர் சுகமாக இருப்பதாகக் கேள்விப்பட்டேன், அதுவே எனக்கு எரிச்சலாக இருக்கிறது.

"நம்ம கன்ட்ரி பாட்டை உலகமே கேக்கப்போகுது மச்சான், ஒரு மணி நேர வேலைதான்" என்று என்னை நாஷ்வில்லுக்கு இழுத்துப் போனது யார்? நீர். பாட்டுகளை வெட்டி ஒட்டி ஆட்டப்பாட்டாக்கும் அந்த ஹாலந்துக்கார டி.ஜே. யோஸ்ட், "உங்க குரல்ல மண்வாசனை அடிக்குது சார்" என்றான். நானும் மயங்கி, நடீனுக்காக எழுதிய பாட்டை மூன்று சரணமும் முழுசாகப் பாடிக் கொடுத்தேன். சண்டை வரும்போதெல்லாம் "நடீன், நான் கிளம்புறேன்" என்று வண்டிச் சாவியை எடுப்பேன், வாசல் தபால்பெட்டியைத் தாண்டுவதற்குள் உன் முகம் ஞாபகம் வந்து திரும்பிவிடுவேன் என்பதுதான் பாட்டு. முப்பத்தோரு வருஷக் குடித்தனத்தையே அதில் வைத்திருந்தேன். அவன் என்ன செய்தான்? தபால்பெட்டியை வெட்டினான், முகத்தை வெட்டினான், என் கிட்டாரைத் தூக்கிக் கடாசினான். "நடீன், நான் கிளம்புறேன்" மட்டும் மிச்சம். அதை அறுபத்துநாலு தடவை சொல்ல வைத்திருக்கிறான், உட்கார்ந்து எண்ணினேன். நடுவில் எல்லாச் சத்தமும் அடங்கி, நான் மட்டும் ஒருமுறை கத்துகிறேன், உடனே டமால் டமால் என்று அடி விழ, ஜனம் எகிறிக் குதிக்கிறது. என் குடும்பம் நாசமாவதில் அவ்வளவு குஷி!

இதை நீர் உம் நடனக் கூடத்தில் சனிக்கிழமைதோறும் நாலு தடவை போடுகிறீர். பூட்ஸ் மாட்டிக்கொண்டு வரிசையாக ஆடிய மொத்த ஊரும், நான் நடீனை விட்டு ஓடிவிட்டேன் என்று முடிவு கட்டிவிட்டது. நம்மூர் வழக்கம் உமக்குத் தெரியாதா? சீஸ் போட்டுச் சுட்ட கோழிச்சோறு கண்ணாடித் தட்டில் ஒரு வீட்டுக்கு வருகிறது என்றால், ஒன்று எழவு விழுந்திருக்கணும், இல்லை புருஷன் ஓடியிருக்கணும். நாலு நாளில் ஏழு தட்டு! சர்ச்சில் ஆர்கன் வாசிக்கிற யூலா மே அக்காவுக்குக் கதவைத் திறந்ததே நான்தான். அந்த அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்து, "துணிமணி எடுத்துட்டுப் போக வந்தியா தம்பி?" என்கிறாள். "அக்கா, இது என் வீடு!" "ஆமாமா, எல்லாரும் முதல்ல அப்படித்தான் சொல்லுவாங்க. தட்டு நடீனுக்கு, நீ தொடாத."

அதோடு விட்டதா? ஆணிக்கடை ராய்ஸ், பெண்டாட்டி செத்து ரெண்டு வருஷமாச்சே, அந்தத் தடியன் சனிக்கிழமை காலையில் என் முற்றத்தில் புல் வெட்டிக்கொண்டு நிற்கிறான். "என்னடா பண்றே?" என்றால், "தனியா இருக்கிற பொம்பளைக்கு ஒத்தாசை" என்கிறான், என் மூஞ்சிக்கு நேராகவே! பளாரென்று ஒன்று விட்டிருப்பேன், நடீன் உள்ளிருந்து அவனுக்கு ஐஸ் போட்ட டீ கொண்டுவந்தாள்.

முதல் மூன்று தட்டுக்குச் சிரித்தவள்தான். ஏழாவது வந்தபிறகு சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து கேட்டாள்: "ஏழு பேர் வந்தாங்க. ஒருத்திகூட, 'கிளோவிஸா? சேச்சே, இருக்காது'ன்னு சொல்லலையே. ஏன்?" நான் வருஷத்தில் எட்டு மாசம் கச்சேரி பஸ்ஸிலேயே கிடந்தவன்தான், மகள் டார்லீன் பிறந்தபோது டெக்சாஸில் பாடிக்கொண்டிருந்தவன்தான். அதெல்லாம் பிழைப்பு ஐயா, ஓட்டம் இல்லை! இனி இந்த வீட்டை விட்டு எங்கேயும் போவதில்லை என்று பைபிள் மேல் கை வைத்துச் சொன்னேன். "பார்ப்போம்" என்றாள். அந்த ஒரு வார்த்தையில் எனக்குத் தூக்கமே போய்விட்டது. அவள் நம்பாவிட்டால் நான் எங்கே போய் நிற்பேன்?

ஆகவே இந்தச் சனிக்கிழமை அந்தப் பாட்டை நிறுத்தும். மைக்கைப் பிடித்து, "கிளோவிஸ் வீட்டோடுதான் இருக்கான், இருப்பான்" என்று நீரே சொல்லும். இல்லாவிட்டால் நான் வந்து பிளக்கைப் பிடுங்குவேன், உம் மீசையையும் சேர்த்து.

கர்த்தர் உம்மையும் உம் மனைவியையும் காப்பாராக. உமக்குக் கொஞ்சம் மூளையும் அருள்வாராக.

இப்படிக்கு,
எங்கும் போகாத உம் மைத்துனன்,
கிளோவிஸ் ப்ரூயிட்

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் யோஸ்ட் கூப்பிட்டான். வாய்க்கு வந்தபடி ஏசினேன். "கொஞ்சம் கேளுங்க சார்" என்று போனை எங்கேயோ நீட்டினான். நாற்பதாயிரம் பேர், ஹார்லன், என் வரியை என் ராகத்திலேயே பாடுகிறார்கள். நானே மேடையேறிப் பாடணுமாம், ராட்டர்டாமில் ஆரம்பித்து இரண்டு மாசம், ஊர் ஊராக. சரி என்று சொல்லிவிட்டேன். அதனால் பாட்டை நிறுத்த வேண்டாம். வியாழக்கிழமை விமானம். நடீன் கொல்லையில் துணி காயப்போடுகிறாள், பாவம், அவளுக்கு இன்னும் தெரியாது. நீர்தான் பக்குவமாகச் சொல்லவேண்டும். வெள்ளிக்கிழமை சொன்னால் போதும்.