பாதி ரோட்டுக்குச் சொந்தக்காரர்

இந்தியாவிலேயே தினமும் சைக்கிளில் போய்த் தன் நெடுஞ்சாலையை மேற்பார்வை பார்த்துவிட்டு வருகிற ஒரே முதலாளி எங்கள் டோல்கேட் அண்ணன்தான். இதில் எனக்குத் துளியும் சந்தேகம் கிடையாது.

ஆம்பூரில் நான் கணக்கெழுதும் ஷூ கம்பெனியில் அவர் தோலைத் தரம் பிரிக்கிறவராக இருந்தார். மேஜைமேல் தோலை விரித்து, கண்ணை மூடிக்கொண்டு, உள்ளங்கையால் ஒரு தடவு தடவுவார். "இது ஃபர்ஸ்ட்... இது பூச்சி கடிச்சது... இது முள்ளு கிழிச்சது" என்று தூக்கத்தில் பேசுகிறவர் மாதிரி சொல்லிக்கொண்டே போவார். டீ வந்தால்தான் கண் திறக்கும். தோல் மட்டுமில்லை, எதையுமே தடவிப் பார்க்காமல் வாங்க மாட்டார். வேலூர் லாங் பஜாரில் அண்ணிக்குப் புடவை எடுக்கப் போனவர், கடையிலிருந்த அத்தனை புடவையையும் கண்ணை மூடித் தடவ ஆரம்பிக்க, ஆளை அனுப்பினால் போதும் என்று கடைக்காரரே விலையைக் குறைத்துவிட்டார்.

அப்படிப்பட்ட மனிதர், ரிட்டயர் ஆனபோது வந்த பணத்தை, தடவிப் பார்க்கவே முடியாத ஓர் இடத்தில் கொண்டுபோய்ப் போட்டார். ரோடு டிரஸ்ட். பல ஊர் ரோடுகளைச் சேர்த்து வைத்துக்கொண்டு, அதைச் சின்னச் சின்ன யூனிட்டாக விற்கிற ஏற்பாடு. வசூலாகிற சுங்கத்தில் செலவும் கடன் தவணையும் போக, மிச்சத்தை மூன்று மாதத்துக்கு ஒரு தடவை யூனிட் வைத்திருப்பவர்களுக்குப் பிரித்துக் கொடுப்பார்கள்.

"பேங்க்ல போட்டிருக்கலாமேண்ணே?" என்று கேட்டேன்.

"பேங்க்ல போட்டா இன்னா தெரியும்? பாஸ்புக்ல நம்பர் தெரியும். இது ரோடுப்பா! லாரி ஓடுது, டயர் தேயுது, காசு வருது."

இதற்குப் பின்னால் ஒரு வாக்கு இருந்தது. கல்யாணமான நாளிலிருந்து ஒன்றாம் தேதி சம்பளக் கவரைப் பிரிக்காமல் சரசு அண்ணி கையில் கொடுப்பது அவர் வழக்கம். ரிட்டயர் ஆன அன்றைக்கு, கழுத்தில் போட்ட மாலையோடு வீட்டு வாசலில் நின்று, "நீ பையன் கையை எதிர்பாக்க வேணாம் சரசு. ஒன்னாந்தேதி கவர் வந்துனே இருக்கும்" என்று கம்பெனி ஆட்கள் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். டிரஸ்ட்டிலிருந்து வருவதை மூன்றாகப் பிரித்து, பழைய கம்பெனிக் கவரில் போட்டு, மாதா மாதம் கொடுக்கவும் செய்தார்.

கொஞ்ச நாளில் சந்தையில் யூனிட் விலை இறங்கியது. ஆறுதல் சொல்லலாம் என்று நாங்கள் போனால், மனிதர் கல்யாண வீட்டுக்காரர் மாதிரி வரவேற்கிறார்.

"நூறு ரூபா பெறுமான சொத்துப்பா, எம்பது ரூபாய்க்குத் தர்றான்! பூச்சிக்கடி தோலு கம்மி விலைக்கு வரும்ல? தழும்பை உள்பக்கம் வச்சுத் தெச்சா ஷூ ஷூதான்."

கையில் இருந்த மிச்சத்துக்கும் வாங்கினார். விலை கொஞ்சம் ஏறினால் மட்டும் முகம் தொங்கிப்போகும். "ஒரே பேஜார்ப்பா, ஏறிப்போச்சு" என்பார். அன்றைக்கு நாங்கள் குரலைத் தாழ்த்தித் துக்கம் விசாரிப்போம்.

சாயங்காலமானால் சைக்கிளை எடுத்துக்கொண்டு நெடுஞ்சாலை ஓரத்துக்குப் போய்விடுவார். குனிந்து தாரை ஒரு தடவு தடவுவார். பிறகு ஓரத்துப் பாலச் சுவரில் உட்கார்ந்துகொள்வார். ஒருநாள் நானும் கூடப் போனேன். ஜவ்வாது மலைப் பக்கம் வானம் ஊதா நிறத்தில் மங்கிக்கொண்டிருந்தது. லாரி விளக்குகள் ஒவ்வொன்றாக வந்து, பெரிதாகி, எங்களைத் தொட்டுவிட்டுப் போயின. தக்காளி, கம்பி, மாடு, யாரோ வீடு மாற்றுகிற கட்டில் பீரோ என்று ஏதேதோ போயிற்று. அண்ணன் கண்ணை மூடி, அந்த இரைச்சலைத் தாலாட்டு மாதிரி கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கும் கொஞ்ச நேரம் உலகத்தில் ஒரு குறையும் இல்லை என்று தோன்றியது. ஏன் தோன்றியது என்று இன்றுவரை தெரியவில்லை.

சிக்கல் என்னவென்றால், டிரஸ்ட்டின் ஆங்கில அறிக்கையை நான்தான் அவருக்குப் படித்துச் சொல்வேன். அதில் இருந்த ஒரு ரோடுகூடத் தமிழ்நாட்டிலேயே இல்லை.

"அண்ணே, இது உங்க ரோடே இல்ல."

"தெரியும்பா. ஒரு கட்டுத் தோலுக்கு ஒரு தோல் உருவிப் பாக்கறோம்ல? இங்க ஓடுனா அங்கயும் ஓடும். கடன் எவ்ளோ போட்டுக்குது, அதைப் படி."

"சொத்துல பாதிக்குக் கொஞ்சம் கம்மி."

அண்ணன் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். கடனை எப்படித் தடவிப் பார்ப்பது? கடைசியில் பாலச் சுவரிலிருந்து எழுந்து நின்று ரோட்டைக் கையால் இரண்டாகப் பிரித்தார். "மெட்ராஸ் போற பக்கம் நம்மது. பெங்களூர் போற பக்கம் பேங்க்காரனுது." அதிலிருந்து பெங்களூர் பக்கம் போகிற லாரிகளை அவர் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை.

அப்புறம் வந்தது அந்தத் தகவல். வட்டி ஏறிவிட்டதால் கடனைச் சீக்கிரம் அடைக்கப் போகிறார்களாம். அதனால் இந்தத் தடவை பணம் குறைச்சலாகத்தான் வரும். நான் பயந்து பயந்து படித்தேன். அண்ணன் ஓடிப்போய் மக்கன்பேடா வாங்கி வந்து கம்பெனி முழுக்கக் கொடுத்தார். "டிவைடரைத் தள்ளி வைக்கறாங்கப்பா! நம்ம பக்கம் அகலமாவுது!"

ஸ்வீட்டைத் தின்றுவிட்டு எல்லோரும் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். கவருக்கு என்ன செய்வார்? அண்ணி பையனிடம் கையேந்த வேண்டியதாகிவிடுமே? யூனிட்டை விற்றுவிடச் சொல்லு என்று என்னை அனுப்பினார்கள். ஒன்றாம் தேதி காலையில் அண்ணன் வீட்டுக்குப் போனேன்.

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் கவரை நீட்டிவிட்டார். அண்ணி அதைப் பிரிக்கவில்லை. விரலால் ஒரு தடவை அழுத்திப் பார்த்தார்.

"இன்னா, இந்த மாசம் ஓவர்டைம் இல்லியா?"

"கடனைக் கட்றாங்க சரசு. இப்பக் கம்மி. அப்புறம் ஜாஸ்தியா வரும்."

"எவ்ளோ தூரம் தள்ளி வச்சாங்க டிவைடரை?"

அண்ணன் இரண்டு கையையும் அகட்டிக் காட்டினார். அண்ணி அந்த இடைவெளியை நிதானமாகப் பார்த்தார்.

"நல்லாத் தள்ளட்டும். கடன் இல்லாம இருக்கறதுதான் நல்லது. அதுவரைக்கும் நான் பாத்துக்கறேன்." கவரிலிருந்து ஒரு நோட்டை எடுத்து அவர் சட்டைப்பையில் வைத்தார். "ரோட்டைப் பாக்கப் போறப்ப வெறும் வயித்தோட போவாதீங்க."

அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். கண்ணோரம் ஈரமாகிவிட்டது. விற்கச் சொல்லப் போனவன், "நல்ல டிரஸ்ட்தான் அண்ணி" என்று சொல்லிவிட்டு, கொடுத்த டீயைக் குடித்துவிட்டு வந்தேன்.

இப்போதெல்லாம் ஒன்றாம் தேதி நெருங்கினால், நான் பார்த்தேயிராத ஏதோ ஒரு மாநிலத்தில், பெயர் தெரியாத ஏதோ ஒரு ரோட்டில், நிறைய லாரி ஓடட்டும் சாமி என்று மனசு தானாக வேண்டிக்கொள்கிறது.