பாஸ்போர்ட் நிர்வாகச் சீர்திருத்தக் குழு

அடுத்தவர் சொத்தைப் பூட்டி வைத்திருப்பவர்கள் அதை உடனே உரியவரிடம் கொடுத்துவிட வேண்டும் என்பதில் சேதுபதி இன்வெஸ்ட்மென்ட்ஸ் மிகக் கண்டிப்பான நிறுவனம். துபாய் சத்வாவில், தையல் கடைகளுக்கு மேல் மாடியில் அதன் தலைமையகம் இருந்தது. கண்டிப்பு முழுவதும் ஜப்பான் மீதுதான்.

அது 2006. ஒசாகா பக்கம் குடைக்கம்பி செய்யும் ஒரு கம்பெனியின் பங்குகளை முதலாளி சேதுபதி வாங்கிக் குவித்திருந்தார். அந்தக் கம்பெனியை முழுசாக விலைக்கு வாங்க ஆகும் தொகையைவிட, அது பேங்கில் சும்மா போட்டு வைத்திருந்த பணம் அதிகம். நூறு ரூபாய் உள்ள பர்சை அறுபது ரூபாய்க்கு விற்றால் யார்தான் விடுவார்கள்? ஆனால் பர்சைத் திறக்க ஜப்பான்காரர்கள் சம்மதிக்கவில்லை.

திறக்கச் சொல்லிக் கடிதம் எழுதுவது பாஸ்கரின் வேலை. "உரியவர்களின் சொத்தைப் பெட்டகத்தில் அடைத்து வைப்பது நல்ல நிர்வாகத்துக்கு இழுக்கு. சுயேச்சை உறுப்பினரைக் கொண்ட குழு ஒன்றை உடனே அமைக்காவிட்டால் கம்பெனியையே கைப்பற்றுவோம்" என்று எழுதினார். எல்லா ஊழியர்களுடையதையும் போல அவருடைய பாஸ்போர்ட்டும் முதலாளி அறை இரும்புப் பெட்டகத்தில் இருந்தது. ஊரில் மனைவி வசந்தகுமாரிக்கு இது ஒன்பதாம் மாதம்.

கையெழுத்து வாங்கப் போன இடத்தில் கேட்டேவிட்டார்.

"சார், லீவுக்கு என் பாஸ்போர்ட்டு..."

"அது பத்திரமா இருக்குப்பா."

"ஜப்பான்காரங்களும் அதையேதான் சார் சொல்றாங்க, பணம் பத்திரமா இருக்குன்னு."

"உன் கையில குடுத்தா தொலைச்சுடுவே."

"பங்குதாரர் கையில குடுத்தா செலவழிச்சுடுவாங்கன்னு அவங்களும்..."

சேதுபதி யோசித்தார். கடிதத்தின் நகல் நாலு பத்திரிகைக்குப் போகிறது. இந்த விஷயம் வெளியே கசிந்தால் மானம் கப்பலேறிவிடும்.

மறுநாள் சுற்றறிக்கை வந்தது. பாஸ்போர்ட் நிர்வாகச் சீர்திருத்தக் குழு அமைக்கப்பட்டிருந்தது. முதலாளி, முதலாளியின் மைத்துனர் வைரவன், யாருக்கும் கட்டுப்படாத சுயேச்சை உறுப்பினராக பாஸ்கர். மூவரும் ஒப்பினால்தான் பெட்டகம் திறக்கும். பாஸ்கர் கண்கலங்கிப் போய் வசந்தகுமாரிக்கு போன் போட்டு, டிக்கெட் பார்க்கிறேன் என்றார்.

முதல் கூட்டம். முதல் மனு அவருடையது.

"சொந்த விஷயத்துல உறுப்பினர் ஓட்டுப் போடலாமா?" என்று வைரவன் கேட்டார்.

"கூடாது சார்," என்றார் பாஸ்கர். அந்த விதியை ஜப்பானுக்கு எழுதியதே அவர்தான்.

"அப்ப மூணு பேர் ஒப்புதல் இல்லையே."

"இல்ல சார்."

"ராஜினாமா பண்ணிட்டுக் கேட்டா?"

"ராஜினாமாவையும் குழுதான் ஏத்துக்கணும். அதுவும் என் சொந்த விஷயம்."

"நியாயஸ்தன்யா நீ," என்று முதலாளி முதுகில் தட்டிக்கொடுத்தார். மனு நிலுவையில் வைக்கப்பட்டது.

பத்தாம் நாள் பெண் குழந்தை பிறந்தது. அதன் அழுகையை பாஸ்கர் போனில் கேட்டார். பிறகு ஆபீஸ் பாத்ரூமில் தாழ்போட்டுக்கொண்டு அவரும் அழுதார். குடைக்கம்பி கம்பெனி கடிதத்துக்கு மிரண்டு பணத்தைப் பங்குதாரர்களுக்குப் பிரித்துக் கொடுத்தது. முதலாளி தன் பங்கில் இன்னும் பெரிய பெட்டகமாக ஒன்று வாங்கினார்.

அடுத்த மாதக் கூட்டத்தில் டிரைவர் கிளிட்டஸின் மனு வந்தது. குளச்சலில் அவன் அம்மாவுக்கு ஆபரேஷன். முதலாளி அன்றைக்கு நல்ல மனநிலையில் இருந்தார், குடுத்துடலாம் என்றார். வைரவனும் தலையாட்டினார்.

வாசலில் நின்ற கிளிட்டஸ் பாஸ்கரைப் பார்த்துச் சிரித்தான். "சாரே, இனி நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போரும். எனக்க சங்கடம் உங்களுக்குத் தெரியாததா?"

பாஸ்கர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். முதலாளி சொன்னதற்கெல்லாம் தலையாட்டினால் அப்புறம் என்ன சுயேச்சை உறுப்பினர்?

"ஆபரேஷன் அம்மாவுக்குத்தானே?" என்றார். "நீ போய் என்ன பண்ணப் போறே?"